அருகம்புல் தீர்த்தம்

மைசூரில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களில் மல்லம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஏரி வாசலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு பலகை போட்டிருப்பாள். பலகை மேல் ஈரத்துணி சுற்றின எவர்சில்வர் பானை. பானைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு பித்தளைப் பிள்ளையார், அவர் தலையில் ஒரு கொத்துப் பசும்புல். முதல் டம்ளரை அவர் முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் யாருக்கும் ஊற்றுவாள். கன்னடக்காரர்கள் கரிகெ ரசா என்று கேட்பார்கள். தமிழ்க்காரர்கள் அருகம்புல் சாறு என்பார்கள்.

"என்ன மல்லம்மா, நேத்து சாறு ரொம்பத் தண்ணியா இருந்துச்சே. ஏரியில மொண்டு ஊத்திட்டியா?" என்று ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற சுப்ரமணியன் சார் வம்புக்கு இழுப்பார்.

"ஏரித் தண்ணி ஊத்தியிருந்தா நீங்க இன்னைக்கு நடக்க வந்திருக்க மாட்டீங்க சாமி. வேற எங்கியோ ஓடிக்கிட்டு இருந்திருப்பீங்க."

அவள் அந்தப் புல்லைக் கண்ட இடத்தில் பிடுங்க மாட்டாள். சாக்கடை ஓரம் ஆகாது, நாய் படுக்கிற இடம் ஆகாது, சுடுகாட்டுப் பக்கம் ஆகவே ஆகாது. வருணா கால்வாய்ப் பக்கம் வயல் வரப்புகளுக்குக் குளித்த உடம்போடு போய், வாய் பேசாமல் அறுத்து வருவாள். வேரைக் கிள்ளி, மண் போக அலசி, மஞ்சள் நீரில் ஒரு முக்கு முக்கி, இரண்டு மிளகு சேர்த்து அரைத்து வெள்ளைத்துணியில் வடிப்பாள். உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு, மூக்கில் ரத்தம், மூலத்தில் ரத்தம் என்று வருகிறவர்களுக்கு வெறும் வயிற்றில் சாறு. சொறி சிரங்குக்கு மஞ்சளோடு அரைத்த பூச்சு. குழந்தைகளின் தலைப்புண்ணுக்குச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் விட்டுக் காய்ச்சின தைலம். எல்லாம் அவள் கையால்தான்.

ஊருக்கெல்லாம் புல்லைக் கொடுத்த மல்லம்மா, தன் புருஷன் கெம்பையனை அந்தப் புல்லாலேயே பிழைக்க வைத்துவிடலாம் என்று நம்பினாள். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் சும்மா நம்பவில்லை. அவளும் கெம்பையனும் ஹனூர் தாலூக்காவில் கௌதள்ளிக்காரர்கள். அவர்கள் கல்யாணத்தில் பெரியவர்கள் வரிசையாக வந்து அருகம்புல்லைப் பாலில் தொட்டுத் தலையிலும் தோளிலும் வைத்து வாழ்த்தினார்கள். அருகுமணம் என்பார்கள் அதை. ஒரு கணுவில் இருந்து ஊரெல்லாம் படர்கிற புல் அது, குடும்பமும் அப்படிப் படர வேண்டும் என்று அர்த்தம். அவர்களுக்குப் படரவில்லை. மானாவாரி நிலம் கைவிட்ட பிறகு மைசூருக்கு வந்தார்கள். கெம்பையன் மண்டியில் மூட்டை தூக்கினான். மல்லம்மாவுக்குக் கரு தங்காமல் கலைந்து கலைந்து, கடைசியில் ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைமை.

அப்போது கெம்பையன்தான் தினமும் விடிகாலையில் போய்ப் புல் அறுத்து வந்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கையாலேயே அம்மியில் அரைத்தான். தன் துண்டைத் துவைத்து அதில் வடிகட்டினான்.

"வாயைத் தொற புள்ள. கசக்காது. நானே நக்கிப் பாத்துட்டேன்."

"நீங்க எதுக்குங்க நக்கறீங்க? உங்களுக்குமா போவுது?"

"உனக்குப் போனா எனக்குப் போன மாதிரிதான். குடி."

ரத்தப்போக்கு நின்றது. ஆஸ்பத்திரி மாத்திரையும் கூடவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மல்லம்மா மனதில் நின்றது புல்லும் அந்தக் கையும்தான். உடம்பு தேறினதும் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு சாறு விற்க உட்கார்ந்தாள். விற்று மிஞ்சின கடைசி டம்ளர் கெம்பையனுக்கு. மண்டிக்குப் போகிற வழியில் நின்று, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு போவான். அப்படியே வருஷங்கள் போயின.

கெம்பையனுக்குச் சர்க்கரை முதலில் வந்தது. அதைக் கவனிக்காமல் விட்டதில் கால் வீங்கியது, முகம் ஊதியது, சோறு கண்டால் குமட்டியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் மிஷினில் படுக்க வேண்டும். கையில் ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள்.

அந்த வார்டில் மிஷின் பார்க்கிற பெண் அனகா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். பேச்சில் பாதி கன்னடம் கலந்து வரும். முதல் நாளே ஒரு சின்னப் பாட்டிலை மல்லம்மா கையில் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, ஒரு நாளைக்கு இஷ்டே, இவ்வளவுதான். காப்பி, மோர், ரசம் எல்லாம் இதுக்குள்ள. எது குடிச்சாலும் அந்த அளவு இதுலேர்ந்து குறைச்சிடணும். இளநீர் பேடா, பழச்சாறு பேடா, நாட்டு மருந்து வேண்டவே வேண்டாம்."

"அருகம்புல் சாறு, கண்ணு?"

"அய்யோ, நீங்க விக்கிறீங்கன்னு தெரியும். வேற யாருக்கு வேணா குடுங்க, அங்கிளுக்கு மட்டும் வேண்டாம். பச்சைச் சாறுல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. நமக்கு அது மூத்திரத்துல போயிடும். அங்கிளுக்குப் போற வழி இல்லை. உள்ளேயே நின்னு நெஞ்சைப் பிடிச்சிடும்."

மல்லம்மா அதைக் கேட்டு நடந்தாள். காய்களை நறுக்கி வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தாள். பாட்டிலைப் பிள்ளையார் பக்கத்திலேயே வைத்து, மூடி மூடியாக அளந்து கொடுத்தாள். கடையில் மிஞ்சின கடைசி டம்ளரை மரத்தடியில் ஊற்றினாள். 

கெம்பையனுடைய தாகம்தான் தாங்க முடியவில்லை. குழாயடியில் யாராவது குடம் நிரப்பினால் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். உதடு வெடித்திருக்கும்.

"மண்டியில ஒரு சொம்பை ஒரே மூச்சுல கவுத்தவன் புள்ள நான். இப்பப் பாரு, காக்கா மாதிரி மூடியில குடிக்கறேன். காக்காய்க்காவது கல்லு போடற புத்தி இருந்துச்சு."

"பேசாதீங்க. பேசினா இன்னும் வறளும்."

"பேசாட்டி மட்டும் ஊறுமா?"

ஒரு சங்கடஹர சதுர்த்தி அன்று சாயங்காலம் மல்லம்மா வீட்டில் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்தாள். அன்று அரைத்த புல்லின் சாற்றையும் நீரில் கலந்து ஊற்றினாள், சூடம் காட்டினாள். தட்டில் சேர்ந்த தீர்த்தத்தை உத்தரணிக் கரண்டியால் எடுத்துக் கெம்பையன் கையில் விட்டாள். அவன் உறிஞ்சினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொண்ணு குடு."

கொடுத்தாள்.

அவன் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். "இது அதுல சேருமா புள்ள?"

"தீர்த்தத்தைப் போயி பாட்டில்ல அளப்பாங்களா? தப்பு, தப்பு," என்று மல்லம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தண்ணி வேற, தீர்த்தம் வேறங்க. சாமி மேல பட்டது ஒடம்புக்கு என்னத்தச் செய்யும்?"

அன்று இரவு கெம்பையன் நன்றாகத் தூங்கினான். காலையில் முகம் தெளிவாக இருந்த மாதிரி அவளுக்குப் பட்டது. மறுநாளும் அபிஷேகம் நடந்தது. அதற்கு மறுநாளும். உத்தரணி போய்ச் சின்ன டம்ளர் வந்தது. நீர் குறைந்து சாறு கூடியது, மருந்தாகவும் இருக்கட்டும் என்றுதான். கடைசியில் பார்த்தால், ஏரிக்கரையில் அவள் விற்கிற அதே சாறுதான் அது. சூடம் காட்டியிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். அது அவள் கண்ணுக்குப் படவே இல்லை.

வார்டு வாசல் பெஞ்சில் அவளோடு கனகலக்ஷ்மி என்கிற அம்மாள் உட்காருவாள். அவளுடைய கணவருக்கும் அதே நாள்களில்தான் மிஷின். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் தீர்த்தம் கொண்டு வருவாள்.

"டாக்டர் தண்ணிக்குத்தான் அளவு சொன்னார். பெருமாள் தீர்த்தத்துக்கு யார் அளவு சொல்றது?" என்றாள் ஒரு நாள். "இவர் கேட்கறச்சே எல்லாம் குடுத்துடுவேன். என்ன கேக்கறார், அமிர்தமா கேக்கறார்?"

"நானும் அப்படித்தானுங்கம்மா," என்றாள் மல்லம்மா. படித்த குடும்பத்து அம்மாவே சொன்னதில் அவளுக்கு மனசு லேசானது.

ஆனால் எடை ஏறியது. மிஷினில் படுக்கப் போகும் முன்னால் எடை பார்ப்பார்கள். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் ஏறுகிற எடை முழுதும் உடம்பில் நின்ற தண்ணீர். ரத்தப் பரிசோதனையிலும் பொட்டாசியம் கூடியிருந்தது. அனகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அங்கிள், காவேரியவே குடிச்சிட்டு வந்தீங்களா?"

"கே.ஆர்.எஸ். அணை வரைக்கும் போனேம்மா. வாச்மேன் விடலை."

"தமாஷ் பேடா. ஆன்ட்டி, நிஜமா சொல்லுங்க. பாட்டிலுக்கு மேல குடுத்தீங்களா? சாறு ஏதாவது?"

"எங்க ஊரு சாமி மாதேஸ்வரன் மேல சத்தியமுங்க கண்ணு. பாட்டிலுக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கலை. அந்தச் சாறைக் கண்ணுலயே காட்டலை."

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவள் மாதேஸ்வரன் பெயரை எடுக்க மாட்டாள் என்று அனகாவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் நம்பினாள். காய் வேக வைக்கிற விதத்தைத் திரும்பவும் கேட்டாள், இன்னும் அதிக நேரம் ஊற வையுங்கள் என்றாள். மல்லம்மா தலையாட்டினாள். பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, தீர்த்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு சின்ன முள்ளாகக் குத்தியது. அந்தப் பிள்ளை தீர்த்தத்தைக் கேட்கவில்லையே என்று அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

விநாயகர் சதுர்த்தி வந்தது. ஊரெல்லாம் கரிகெ, கரிகெ என்று கேட்கிற நாள். மல்லம்மா விடிவதற்குள் கட்டின மாலைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்து, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்து பூஜைக்கு உட்கார்ந்தாள். நல்ல இளம்புல்லாக எடுத்து வைத்திருந்தாள். சொம்பு நிறைய சாறு எடுத்து, பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்து, கொழுக்கட்டை படைத்தாள். கெம்பையன் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன.

"மல்லி."

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர் அது.

"இன்னைக்கு அவரு பொறந்த நாளு. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் வயிறாரக் குடிச்சுக்கறேன் புள்ள. டம்ளர் வேண்டாம். சொம்போட குடு."

அவள் சொம்பையே கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். தொண்டை ஏறி இறங்கியது. வாயோரம் வழிந்து நெஞ்சில் இறங்கினதைக்கூட விரலால் வழித்து நக்கினான். குடித்து முடித்து, மண்டிக்குப் போகிறபோது செய்வானே, அதே மாதிரி மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பாடா," என்றான். "இப்பச் செத்தாலும் சரி."

"நல்ல நாளும் அதுவுமா வாயில வருது பாரு!" என்று மல்லம்மா சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் வயிறு நிறைந்ததைப் பார்த்த சந்தோஷம். சாயங்காலம் இன்னொரு சொம்பு அபிஷேகமானது. அதையும் கொடுத்தாள்.

மறுநாள் விடிகிறபோது கெம்பையனால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே மூச்சை இழுத்தான். இழுக்க இழுக்க உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். மல்லம்மா பதறிப்போய்ப் பிள்ளையாரிடம் ஓடினாள். தட்டில் மீதியிருந்த தீர்த்தத்தைக் கொண்டுவந்து அவன் வாயில் விட்டாள். அது உள்ளே போனதா வெளியே வந்ததா தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். வழி முழுதும் அவன் தலையை நெஞ்சில் சாய்த்து, விநாயகா, விநாயகா என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வார்டில் எல்லாரும் ஓடி வந்தார்கள். டாக்டர் மிஷினைத் தயார் செய்யச் சொன்னார். ஊசி போட்டார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். அனகா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆன்ட்டி, என்ன குடுத்தீங்க? சொல்லுங்க, சொன்னாத்தான் ஆகும். சாறு குடுத்தீங்களா?"

"தீர்த்தந்தான் கண்ணு," என்றாள் மல்லம்மா. "புள்ளையார் தீர்த்தம். வேற ஒண்ணுமில்லை."

"என்ன தீர்த்தம்? எதுல பண்ணினீங்க?"

"அருகுலதான்."

"எவ்வளவு?"

மல்லம்மா இரண்டு கையையும் விரித்துச் சொம்பின் அளவைக் காட்டினாள். காட்டுகிறபோதுதான் அந்த அளவு அவள் கண்ணுக்கே தெரிந்தது. விரிந்த கைகள் அப்படியே நின்றன. அனகா அதற்கு மேல் நிற்கவில்லை. டாக்டரிடம் சொல்ல ஓடினாள்.

மிஷின் ஓடத் தொடங்கினதும் கெம்பையனுடைய நெஞ்சு நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். அவ்வளவுதான்.

அனகா வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உடம்பை வண்டியில் கௌதள்ளிக்குக் கொண்டு போனார்கள். கெம்பையனின் அக்கா நஞ்சம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எரித்து, மறுநாள் பால் தெளிக்கிற சடங்கு. அவர்கள் வழக்கப்படி அருகம்புல்லைப் பாலில் தொட்டுச் சாம்பல் மேல் தெளிக்க வேண்டும்.

"புல்லு எங்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

"மல்லம்மா இருக்கறப்போ புல்லுக்கா பஞ்சம்?" என்றாள் நஞ்சம்மா. "போயி ரெண்டு கணு கிள்ளிட்டு வா தாயி. உன் கையால எடுத்தாத்தான் அவனுக்கு ஆகும்."

மல்லம்மா ஓடை ஓரத்தில் குனிந்து கிள்ளினாள். எத்தனையோ வருஷமாக எடுத்த கைதான். அன்றைக்கு அந்தப் புல் கணுவில் ஒடியவில்லை, வேரோடு வந்தது. பாலில் தொட்டாள். கல்யாணத்தில் இதே ஊரில் இதே மாதிரி அவன் தோளில் பால் சொட்டினது நினைவுக்கு வந்தது. பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் குடுத்தேன் நங்கையா," என்றாள் நாத்தனாரைப் பார்த்து. "வேண்டாம்னு சொல்லியும் நாந்தான் குடுத்தேன். அதுதான் கொன்னுபோட்டுது."

"என்ன குடுத்தே?"

"தீர்த்தம்."

நஞ்சம்மா அவள் வாயைப் பொத்தினாள். "தீர்த்தம் குடிச்சு யாராச்சும் சாவாங்களா? பைத்தியக்காரி. சாமி பேரைக் கெடுக்காதே. அவன் ஆயுசு அவ்வளவுதான். நீ கொழந்தையாட்டம் பாத்துக்கிட்டது ஊருக்கே தெரியும்."

மைசூருக்குத் திரும்பின பிறகும் இதையே சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சுப்ரமணியன் சார் வீடு தேடி வந்து, பகவான் பிரசாதத்தைக் குடித்துப் போனவருக்கு மோட்சம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் செய்ததை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. இராப்பகலாக அதை அவளே வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையாரைத் துடைத்து, குங்குமம் வைத்து, அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லையே, சூடம் காட்டினது நான்தானே என்று நினைத்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, கெம்பையனுடைய மிஷின் நாளில், மல்லம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கால் பழக்கத்தில் அந்தப் பெஞ்சுக்கே கொண்டுபோய் விட்டது. கனகலக்ஷ்மி இருந்தாள். மடியில் துணிப்பை, அதற்குள் மேல்கோட்டைத் தீர்த்தப் பாட்டில்.

"நீ எங்கேடி இங்கே? கேள்விப்பட்டேன். மனசே ஆறலை," என்று கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க." மல்லம்மா அந்தத் துணிப்பையைப் பார்த்தாள். "அந்தத் தீர்த்தத்தை அய்யாவுக்குக் குடுங்க. ஆனா அளந்து குடுங்க. அனகா குடுத்த பாட்டில்ல அந்த அளவு தண்ணியக் கொட்டிட்டுக் குடுங்க. சாமி ஒண்ணும் நெனைச்சுக்காது. ஒடம்புக்குள்ள போனா அதுவும் தண்ணிதானுங்க. நான் அளக்காம குடுத்தேன். சாறு, அம்மா. சாறைத் தீர்த்தம்னு நெனைச்சுச் சொம்பு சொம்பாக் குடுத்தேன்."

கனகலக்ஷ்மி கையை இழுத்துக்கொண்டாள். முகம் இறுகியது. "அபசாரமா பேசாதே. நீ குடுத்தது புல்லு. இது பெருமாள் திருமஞ்சனத் தீர்த்தம். ரெண்டும் ஒண்ணா?" என்றாள். பையை மடியில் இருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

மல்லம்மா எழுந்து போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கனகலக்ஷ்மியின் கணவர் மிஷினில் படுத்திருந்தார். கால் வீங்கியிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு அனகா வந்தாள். மல்லம்மாவைப் பார்த்து நின்றாள்.

"கண்ணு," என்றாள் மல்லம்மா. "இந்த அம்மாகிட்ட தீர்த்தம் எவ்வளவு குடுக்கறீங்கன்னு கேளு. நீ தண்ணியத்தான் கேக்கறே. தீர்த்தம்னு கேளு."

அனகா கனகலக்ஷ்மியின் பக்கம் திரும்பினாள். கனகலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்து அந்தப் பையை மூடினாள்.